வலப்பக்கம் திரும்பிய மீன்

"இன்னும் நாலே இதழ். அதுக்கப்புறம் அந்த இருபத்து நாலு பக்கமும் உங்களுக்குத்தான்" என்று நெகிஷி சொன்னபோது, தோகுரா ஒரு சன்மா மீனின் கண்ணில் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். புள்ளி சரியான இடத்தில் விழுந்தால் மீன் இப்போதுதான் தணலிலிருந்து இறங்கியதுபோல் இருக்கும். மயிரிழை தள்ளி விழுந்தால் முந்தாநாள் செத்ததுபோல் இருக்கும். அன்று சரியாக விழுந்தது.

நெகிஷி பத்திரிகையின் துணை ஆசிரியர். எதைச் சொன்னாலும் குரலைத் தாழ்த்திச் சொல்வார், இழவு வீட்டில் சாப்பாடு எப்போது என்று விசாரிப்பதுபோல். தோகுராவின் முதலாளியும் குருவுமான சித்திரக்காரர் ஹிபினோ சென்செய் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து வந்திருந்தார்.

"அப்போ சிகுசாவை முடிக்கிறீங்களா?"

"முடிக்கிறோம். சென்செய்கிட்ட இன்னும் சொல்லலை. நீங்களும் சொல்லிடாதீங்க."

"பதினொரு வருஷம் ஓடின தொடர்."

"பதினொரு வருஷமா ஒரே அழுகை, தோகுரா சான். படிக்கிறவங்களுக்குக் கண்ணு வறண்டு போச்சு."

பக்கத்து மேசையில் குனிமோதோ தலை நிமிரவில்லை. நாற்பத்தாறு வயது, படத்தில் வரும் கடையின் சுவர், கூரை, மேசை, சாப்பாட்டிலிருந்து எழும் ஆவி எல்லாம் அவன் பொறுப்பு. "எனக்கு ஒண்ணும் கேக்கலை. நான் மேசைக்கு மர ரேகை போட்டுக்கிட்டிருக்கேன்" என்றான்.

'சிகுசாவின் சமையல்கட்டு' மாதம் இருமுறை வரும் சித்திரத் தொடர். ஒரு துறைமுக ஊர், ஆறு பேர் உட்காரும் கடை, கிமோனோவின் மேல் வெள்ளை ஏப்ரன் கட்டிய சிகுசா. ஒவ்வொரு இதழிலும் மனம் உடைந்த ஒருவன் வருவான். சாப்பிடுவான். அழுவான். போய்விடுவான். இவ்வளவுதான் கதை. இதை இருநூற்று அறுபத்து மூன்று முறை சொல்லியாயிற்று.

ஹிபினோ முகங்களை மட்டும் வரைவார். முகத்திலும் அவருக்குக் கண்ணீர்தான் முக்கியம். அதற்கு ஒரு தரவரிசை வைத்திருந்தார். வேகவைத்த பூசணிக்காய் என்றால் ஒரு கண்ணில். சுட்ட மீன் என்றால் இரண்டு கண்ணிலும். சுடுதேநீர் ஊற்றிய சோறு என்றால் மூக்கிலும் வரும். அழவைக்கிற சாப்பாட்டை வரைவது தோகுரா. முப்பத்து நான்கு வயதில் அவள் வரைந்து முடித்திருந்த சோற்றுப் பருக்கைகளை வேகவைத்தால் ஒரு பள்ளிக்கூடத்துக்கே சோறு போடலாம். முதல் பக்கத்தில் ஹிபினோவின் பெயர் இருக்கும். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், விளம்பரத்தில் இருக்கும் மாத்திரைக்கு மேலே, எறும்பு அளவு எழுத்தில் அவள் பெயரும் குனிமோதோவின் பெயரும் இருக்கும்.

ஒவ்வொரு இதழோடும் வாசகர்களுக்கு ஓர் அஞ்சலட்டை உண்டு. எது பிடித்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். அந்த அட்டைகளை எண்ணித்தான் எந்தத் தொடர் வாழும், எது சாகும் என்று தீர்மானிப்பார்கள். பத்தொன்பது பகுதிகளில் சிகுசாவுக்குப் பதினெட்டாவது இடம். பத்தொன்பதாவது இடத்தில் இருந்தது மலச்சிக்கலுக்கு வைத்தியம் சொல்லும் இரண்டு பக்கம்.

தோகுராவின் சொந்தக் கதையின் பெயர் 'குப்பை வண்டி'. கவாசாகியில் நகராட்சிக் குப்பை வண்டியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் ஒரு காலைப்பொழுது. இருபத்து நான்கு பக்கம். மூன்று வருடம் வரைந்தாள். ஐந்து முறை நெகிஷியிடம் கொடுத்தாள், ஐந்து முறை திருப்பிக் கொடுத்தார். ஆறாவது முறை இடம் காலியாகப் போகிறது என்கிறார்.

"ஒரே ஒரு குறைதான்" என்றார் நெகிஷி, செருப்பை மாட்டிக்கொண்டே. "இருபத்து நாலு பக்கத்துல யாருமே ஒண்ணும் சாப்பிடலை."

"குப்பை அள்ளுறாங்க. எப்போ சாப்பிடுவாங்க?"

"நம்ம பத்திரிகை அப்படி. வாயில எதையாவது போட்டாத்தான் ஜனம் நின்னு பாக்கும். எங்கயாவது ஒரு வாய் வெச்சிடுங்க."

அவர் போனதும் குனிமோதோ சொன்னான், "கொலைகாரி. வீட்டுப் பெரியவர் பல்லு பிடுங்கப் போன நேரத்துல சொத்தைப் பாகம் பிரிக்கிறே."

"உனக்குத்தான் ஒண்ணும் கேக்கலையே."

"மர ரேகை முடிஞ்சிடுச்சு. இப்போ கேக்குது."

அன்று மாலை தோகுரா பத்தொன்பதாம் பக்கத்தில் ஓர் ஒனிகிரியை வைத்தாள். கடையில் விற்கும் முக்கோணச் சோற்று உருண்டை. வண்டியின் படிக்கட்டில் நின்றபடி, அடுத்த தெரு வருவதற்குள், அந்தப் பெண் அதை மூன்று கடியில் தின்கிறாள். வேண்டா வெறுப்பாக வைத்தது பொருந்திப் போனது. அவளுக்கே அது எரிச்சலாக இருந்தது.

நாலு இதழ். எட்டு வாரம். அவள் எண்ணத் தொடங்கினாள்.

கணினியில் வரைகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெகுநேரம் ஒரே படத்தைப் பார்த்தால் கண் பழகிப்போய்க் கோணல் தெரியாது. அதனால் படத்தை இடம் வலமாகப் புரட்டிப் பார்ப்பார்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல. சாய்ந்த கிண்ணம், நீண்டுபோன கை எல்லாம் உடனே பல்லைக் காட்டும். திருத்திவிட்டு மறுபடி பழையபடி புரட்டிவிட வேண்டும். தோகுரா இதை ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது செய்வாள், கண் சிமிட்டுவதுபோல.

அந்த இதழுக்கான பக்கங்களை அனுப்ப வேண்டிய நாள். காலை பதினொரு மணிக்குக் கெடு. பத்தே முக்காலுக்கு அவள் பதினான்காம் பக்கத்தின் பெரிய கட்டத்தைப் புரட்டி வைத்துத் தட்டின் விளிம்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஹிபினோ கத்தினார்.

"தோகுரா, இங்க வா. இந்தக் கண்ணீர் விழுற மாதிரி இருக்கா, ஒட்டிக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கா?"

எழுந்து போய்ப் பார்த்தாள். "ஒட்டிக்கிட்டிருக்கு."

"ஒட்டிக்கிட்டிருக்கா? அது என்ன மருவா?"

"நீங்கதான் கேட்டீங்க சென்செய்."

"விழட்டும், விடுங்க" என்றான் குனிமோதோ. "பதினாலு நிமிஷம் இருக்கு. கீழே விழ அது போதும்."

கண்ணீரை விழவைக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. மீதி இரண்டு நிமிடத்தில் தோகுரா எல்லாப் பக்கங்களையும் சேமித்து அனுப்பினாள். பதினான்காம் பக்கத்துக் கட்டம் புரண்டபடியே போனது.

அதன் பிறகு அதை மூன்று பேர் பார்த்தார்கள். ஹிபினோ கண்ணீரை மட்டும் பார்த்தார். நெகிஷி வசனத்தை மட்டும் பார்த்தார். எழுத்தெல்லாம் அலுவலகத்தில்தான் கோப்பார்கள், அதனால் அது நேராகவே இருந்தது. அச்சகத்துக்காரர் மையின் கறுப்பை மட்டும் பார்த்தார். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தார்கள்.

இதழ் வந்த அன்று குனிமோதோ அதை விரித்துப் பிடித்தபடி அவள் மேசைக்கு வந்தான்.

"உன் மீனு எந்தப் பக்கம் பாக்குது?"

தோகுரா பார்த்தாள்.

மீனின் தலை இடப்பக்கம் இருக்க வேண்டும். சோறு இடம், சூப் வலம். தவழும் குழந்தைக்குக்கூட இந்த நாட்டில் இது தெரியும். படத்தில் தலை வலப்பக்கம் இருந்தது. சோற்றுக் கிண்ணம் வலம் போய், சூப் இடம் வந்திருந்தது. அப்படிப் படைப்பது செத்தவர்களுக்கு. அது போதாதென்று, பின்னால் நிற்கும் சிகுசாவின் கிமோனோவில் வலது மடிப்பு மேலே ஏறியிருந்தது. அப்படிக் கட்டுவது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கும் நாமாகக் கட்டிக்கொள்வதில்லை, நமக்கு யாராவது கட்டிவிடுவார்கள்.

"பொணத்துக்கு அலங்காரம் பண்ணியிருக்கே" என்றான் குனிமோதோ. "நல்லாவே பண்ணியிருக்கே."

"சென்செய் பாத்தாரா?"

"அவரு பாக்கணும்னா நீ அதை யாரு கன்னத்துலயாவது வழிய விடணும்."

நாலைந்து பேர் திட்டி எழுதுவார்கள் என்று தோகுரா கணக்குப் போட்டாள். திட்டட்டும். எப்படியும் சாகப்போகிற தொடர். இன்னும் கொஞ்சம் சீக்கிரம் செத்தால் அவளுக்கு நஷ்டமில்லை.

பத்து நாள் கழித்து நெகிஷி ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டி நிறைய அஞ்சலட்டை. வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். அவருக்கு உரத்த குரலும் உண்டு என்பது அன்றுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

"சென்செய், ஏன் என்கிட்டகூடச் சொல்லலை?"

"எதை?" என்றார் ஹிபினோ.

நெகிஷி ஓர் அட்டையை எடுத்து வாசித்தார். நிகாதாவிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், பெயர் உனெமே. 'பதினான்காம் பக்கத்தைப் பார்த்த பிறகு பழைய இதழ்கள் அனைத்தையும் மறுபடி படித்தேன். பதினொரு வருடத்தில் சிகுசா ஒருமுறைகூட எதையும் உண்டதில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.'

அது உண்மைதான். சிகுசா சாப்பிட்டதே இல்லை. உப்பிய கன்னத்தை அழகாக வரைய ஹிபினோவுக்கு வராது.

அடுத்த அட்டை. 'சுவர்க் கடிகாரத்தைக் கவனித்தீர்களா? எண்கள் எதிர்வரிசையில் இருக்கின்றன, முட்கள் பின்னோக்கி ஓடுகின்றன.' அதற்கடுத்தது. 'கடை வாசல் திரையில் இருக்கும் பெயரை உள்ளேயிருந்து பார்த்தால் எழுத்து மாறித்தானே தெரிய வேண்டும்? இந்தப் படத்தில் நேராகத் தெரிகிறது. அப்படியென்றால் உள்ளே இருப்பதுதான் வெளியே. அந்தக் கடையின் வாசல் மறு உலகத்தைப் பார்த்து இருக்கிறது.' ஒரு துறவி எழுதியிருந்தார், இந்த வார உரைக்கு இதையே எடுத்துக்கொண்டதாக.

ஹிபினோவின் முகம் வெளுத்தது. இதழை இழுத்துப் பிரித்துப் பதினான்காம் பக்கத்தைப் பார்த்தார். அந்தப் பக்கத்தை அவர் முழுதாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"யாரு பண்ணது இது?"

"நான்தான் சென்செய்" என்று தோகுரா எழுந்தாள். "புரட்டிப் பாத்துட்டு..."

"ரெண்டாவது இடம்" என்றார் நெகிஷி.

ஹிபினோ கண்ணாடியை மெல்ல நெற்றிக்கு ஏற்றினார். நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் ஒரு களைப்பு பரவியது, வெகுகாலம் பாரம் சுமந்தவனின் களைப்பு. நன்றாகத்தான் இருந்தது. முகங்கள் அவருக்குக் கைவந்த கலை.

"பதினொரு வருஷம் ஆச்சு" என்றார். "ஒருத்தன் கண்டுபிடிக்க."

குனிமோதோவுக்குத் தேநீர் மூக்கில் ஏறியது. இருமி முடிக்க ஒரு நிமிடம் ஆயிற்று.

நெகிஷி கிளம்பியதும் தோகுரா படிக்கட்டில் அவரைப் பிடித்தாள்.

"அது தப்பா விழுந்த படம். உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம்."

"நாலு இதழ்னு சொன்னீங்களே."

"ரெண்டாவது இடத்துல இருக்கிறதை எவனாவது நிறுத்துவானா? கொஞ்சம் பொறுங்க."

"எவ்வளவு?"

நெகிஷியின் குரல் மறுபடி இறங்கிவிட்டது. "அதுதான் சிக்கல். உயிரோட இருக்கிறவளா இருந்தா கல்யாணம் பண்ணி வெக்கலாம், ஊரை விட்டு அனுப்பலாம், ரொம்பத் தேவைப்பட்டா சாகடிக்கலாம். செத்தவளை என்ன பண்றது, தோகுரா சான்? அவளுக்கு முடிவே இல்லையே."

அடுத்த இதழ் அதற்கு முன்பே அச்சுக்குப் போயிருந்தது. அதில் மீன் ஒழுங்காக இடப்பக்கம் பார்த்தது. கிண்ணங்கள் இடத்தில் இருந்தன, மடிப்பு சரியாக இருந்தது. இதைப் பார்த்ததும் ஜனங்களுக்குப் புத்தி வரும் என்று தோகுரா நம்பினாள்.

ஜனங்களுக்குக் கூடுதல் புத்தி வந்தது. போன இதழில் வந்த வாடிக்கையாளன் செத்தவன், இந்த இதழில் வந்தவன் உயிரோடு இருப்பவன், சிகுசா விருந்தாளிக்குத் தகுந்தபடி உடையை மாற்றிக்கொள்கிறாள் என்று எழுதினார்கள். மீனின் தலை இடம் என்றால் உயிர், வலம் என்றால் மரணம். ஒருவர் இருநூற்று அறுபத்து ஐந்து இதழ்களுக்கும் அட்டவணை போட்டார். அதில் வலப்பக்கம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பது யாருக்கும் உறுத்தவில்லை. மற்றவர்களெல்லாம் இன்னும் சாகவில்லை, அவ்வளவுதான் என்றார்கள். ஒசாகாவில் ஒரு சாப்பாட்டுக் கடை மீனைத் திருப்பி வைத்து 'மறு உலகச் சாப்பாடு' என்று விற்றது. வரிசை தெருமுனைவரை நின்றது. உயிரோடு இருப்பவர்கள் அரை மணி நேரம் வெயிலில் காத்திருந்து பிணத்துக்குப் படைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள்.

வேலை செய்யும் அறையில் புதிய முறை வந்தது. கதையின் வரைவை வைத்துக்கொண்டு ஹிபினோ திணறுவார்.

"தோகுரா, இந்த ஆளு செத்தவனா, இருக்கானா?"

"கதையை நீங்கதானே எழுதுறீங்க சென்செய்."

"உன் மீனைப் பாத்து சொல்லேன்."

"மீன் இன்னும் வரையலை. நீங்க சொன்னாத்தான் எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு தெரியும்."

ஹிபினோ யோசித்தார். "நீ ஒரு பக்கமா வை. அதைப் பாத்து நான் முடிவு பண்ணிக்கிறேன்."

ஒரு பெரிய வார இதழ் அவரைப் பேட்டி எடுத்தது. 'சாப்பாட்டு மேசைதான் இரு உலகங்களுக்கும் நடுவே இருக்கும் எல்லைக்கோடு' என்றார் ஹிபினோ. அந்த ஒரு படத்தை வரைய எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டதற்கு, பதினொரு வருடம் என்றார். புகைப்படத்துக்காக அவர் முன் சுட்ட மீன் ஒன்றை, தலை வலப்பக்கம் இருக்கும்படி வைத்தார்கள். அவர் சாப்பாட்டுக் குச்சியைப் பிடித்தபடி தூரத்தைப் பார்த்தார். படம் எடுத்து முடித்ததும் தட்டைக் குனிமோதோ பக்கம் தள்ளிவிட்டார். முள் தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் அவர் சிறுவயதிலிருந்தே மீன் தொடுவதில்லை. குனிமோதோ தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, முள்ளை மட்டும் மிச்சம் வைத்தான்.

"உன் மீனை விட இது சுமார்" என்றான் தோகுராவிடம். "உப்பு கம்மி."

எட்டு வாரம் முடிந்தது. நாலு இதழும் தாண்டி ஐந்தாவது வந்தது. அதில் 'குப்பை வண்டி' இல்லை. அந்த இருபத்து நாலு பக்கத்தில் செத்துப்போன ஒரு ரயில் ஓட்டுநர் வேகவைத்த பூசணிக்காய் தின்று ஒரு கண்ணால் அழுதார்.

அன்று தோகுரா உண்மையை எழுதி, தன் பெயரோடு இணையத்தில் போட்டாள். புரட்டிப் பார்க்கும் பழக்கம், பத்தே முக்கால் மணி, விழாமல் ஒட்டிக்கொண்டிருந்த கண்ணீர், எல்லாவற்றையும் எழுதினாள். புரட்டாத மூலப் படத்தையும் பக்கத்தில் வைத்தாள். அதில் மீன் இடப்பக்கம் பார்த்தது. இதற்குமேல் நிரூபிக்க ஒன்றுமில்லை.

மறுநாள் காலைக்குள் நாலாயிரம் பதில். 'முதலாளி பெயர் வாங்கினால் வேலைக்காரிக்குப் பொறுக்காது.' 'படத்தைப் புரட்ட என் பாட்டிக்கும் தெரியும். நீ இப்போது புரட்டிப் போட்டுவிட்டு அதுதான் மூலம் என்கிறாய்.' 'கடிகாரம், திரை, கிமோனோ, மீன், கிண்ணம். ஐந்தும் ஒரே நேரத்தில் தற்செயலாக மாறுமா? கொஞ்சம் யோசித்துப் பொய் சொல்.'

நெகிஷி தொலைபேசியில் அழைத்தார். திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தாள்.

"பிரமாதம்" என்றார். "நாங்க யோசிச்சிருந்தாலும் இப்படி வந்திருக்காது. மறுப்பு ஒண்ணு வந்தாத்தான் ரகசியத்துக்கே மரியாதை. இன்னும் ரெண்டு எழுதுங்களேன், இதைவிடக் கொஞ்சம் கோவமா."

அந்த வாரம் சிகுசா முதலிடத்துக்கு வந்தாள்.

ஒரு மாதம் கழித்து நெகிஷி அவளை அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடைக்கு வரச் சொன்னார். கோல்ஃப் தொடர் ஒன்று செத்துவிட்டதாம். இருபத்து நாலு பக்கம் காலி. இந்தத் தடவை நிச்சயம். தோகுரா 'குப்பை வண்டி'யை உறையில் போட்டு எடுத்துப் போனாள். கடைசிக் கட்டத்தை மட்டும் மறுபடி ஒருமுறை சரிபார்த்திருந்தாள், புரட்டி, பிறகு கவனமாகப் பழையபடி புரட்டி.

நெகிஷி பக்கம் பக்கமாகப் பார்த்தார். பத்தொன்பதாம் பக்கத்தில் நின்றார்.

"வெச்சுட்டீங்க."

"நீங்கதான் ஒரு வாய் கேட்டீங்க. அதான் ஒனிகிரி. எந்தப் பக்கம் புரட்டினாலும் முக்கோணம் முக்கோணம்தான். யாரும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது."

நெகிஷி தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இவங்க எந்தக் கையில பிடிச்சிருக்காங்க?"

"இடது கையில."

"இடது கை" என்று அவர் தனக்குள் சொல்லிப் பார்த்தார். குரல் இன்னும் தாழ்ந்தது. "கண்ணாடியில பாத்தா வலது கைதானே இடதாத் தெரியும். அப்போ இவங்களும்..."

"இடது கைப் பழக்கம். எனக்கும் அதேதான். பதினொரு வருஷமா இந்தக் கையாலதான் உங்க மீனெல்லாம் வரையறேன்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். வாசகருக்குத் தெரிய வேணாமே." அவர் முன்னால் சாய்ந்தார். "பெரிசா எதையும் மாத்த வேணாம். கடைசிக் கட்டத்துல மட்டும் இந்தக் குப்பை வண்டி சிகுசா கடை வாசல்ல வந்து நிக்கட்டும். திரை ஆடுது. முடிஞ்சுது. பத்திரிகை முன் அட்டையில சென்செய் பேரு மேல, உங்க பேரு கீழ. கண்ணுக்குத் தெரியுற எழுத்துலயே போடலாம்."

தோகுரா கவாசாகியில் ஒரு வாரம் அந்த வண்டிக்குப் பின்னால் சைக்கிளில் போயிருந்தாள். மூட்டை எப்படி விழுகிறது, மழைநாளில் கையுறைக்குள் தண்ணீர் எப்படித் தேங்குகிறது என்று பார்த்து வரைந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு வியர்த்தது. வியர்ப்பதற்காகவே மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தாள்.

"அந்தக் கடை வாசல்ல குப்பை இருக்குமா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"செத்தவங்க சாப்பிடுற கடையில குப்பை சேருமான்னு கேட்டேன். அள்ள ஒண்ணும் இல்லாத இடத்துல வண்டி எதுக்கு நிக்கணும்?"

நெகிஷி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். தோகுரா அவர் கையிலிருந்து தாள்களை வாங்கினாள். மேசையில் தட்டி வரிசைப்படுத்தினாள். உறைக்குள் போட்டாள்.

"ஆறு தடவை கொடுத்திருக்கீங்க" என்றார் நெகிஷி. "ஏழாவது தடவை நான் கேக்க மாட்டேன்."

"கேக்காதீங்க."

அங்கிருந்து நேராக வேலைக்கு வந்து தன் பேனாவையும் முதுகுக்கு வைக்கும் திண்டையும் பைக்குள் போட்டாள். ஹிபினோ முதலில் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது எழுந்து நின்றார்.

"போயிட்டா மீனை யாரு போடுவா?"

"நீங்க போடுங்க சென்செய். பதினொரு வருஷமா மனசுலயே வெச்சிருக்கீங்களே."

குனிமோதோ தலை நிமிரவில்லை. "எனக்கு ஒண்ணும் கேக்கலை" என்றான். ஆனால் வாசல்வரை வந்து அவள் பையைப் பிடித்துக் கொடுத்தான்.

இனி அது தானாக விழுந்துவிடும் என்று நினைத்தாள். சாப்பாட்டை வரையத் தெரியாதவன் நடத்தும் சாப்பாட்டுத் தொடர் எத்தனை இதழ் தாங்கும்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நினைப்பதற்கு ருசியாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் குனிமோதோ அழைத்தான்.

"சென்செய் தானே மீன் வரைஞ்சாரு. நாலு நாள். யாரையும் கிட்ட விடலை."

"எப்படி வந்திருக்கு?"

"செருப்பு மாதிரி. அதுக்குக் கண்ணு வேற வெச்சிருக்காரு."

"எந்தப் பக்கம் பாக்குது?"

"செருப்புக்கு ஏது பக்கம்."

"அட்டை வந்துடுச்சா?"

"முதலிடம்" என்றான். "இது வரைக்கும் வராத அளவுக்கு அட்டை. மறு உலகத்துல உருவமெல்லாம் கரைய ஆரம்பிச்சிடுச்சாம். சிகுசாவுக்கு ஞாபகம் மங்குதாம். அதனாலதான் மீன் எப்படி இருக்கும்னு அவளுக்கே மறந்துபோச்சாம். ஒரு பேராசிரியர் எட்டுப் பக்கம் எழுதியிருக்காரு. சென்செய் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்காரு."

"சோறு?"

"வெள்ளையா ஒரு வட்டம். அதுக்கும் ஒருத்தன் அழுதிருக்கான்."

தோகுரா தொலைபேசியை வைத்துவிட்டுச் சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

கவாசாகியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் சிறுபத்திரிகை ஒன்று 'குப்பை வண்டி'யை வெளியிட்டது. ஆயிரத்து எண்ணூறு பிரதி. ஆசிரியர் என்று ஒரே ஒருவர்தான், அவரே பிரதிகளைக் கட்டுக் கட்டாக அஞ்சல் நிலையத்துக்குத் தூக்கிப்போனார். கதையில் எதையும் மாற்றச் சொல்லவில்லை. யாரும் எதையும் ஏன் சாப்பிடவில்லை என்றோ, ஏன் சாப்பிடுகிறார்கள் என்றோ கேட்கவில்லை. முதல் பக்கத்தில் 'தோகுரா சாவாகோ' என்று முழுப்பெயர் இருந்தது, கண்ணாடி போடாமலே படிக்கலாம்.

அந்தப் பத்திரிகையில் வாக்களிக்கும் அட்டை கிடையாது. ஆனாலும் இரண்டு மாதம் கழித்து ஒரே ஓர் அஞ்சலட்டை வந்தது. நிகாதாவிலிருந்து, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் உனெமே. நேர்த்தியான தூரிகை எழுத்து.

'தங்கள் கதையை மிகுந்த மரியாதையோடு படித்தேன். குப்பை மூட்டைகளின் கனத்தை என் தோளில் உணர்ந்தேன். ஒரே ஒரு கேள்வி. பத்தொன்பதாம் பக்கத்தில் அந்தப் பெண் ஒனிகிரியை இடது கையில் பிடித்திருக்கிறார். இவரும் இறந்தவர் என்று கொள்ளலாமா?'

தோகுரா அந்த அட்டையை மூன்று நாள் மேசையிலேயே போட்டு வைத்திருந்தாள். நாலாம் நாள் ஒரு பதில் அட்டை வாங்கி வந்தாள். இடது கையால் எழுதினாள்.

'இல்லை, உயிரோடுதான் இருக்கிறார். பசித்தது, சாப்பிட்டார்.'